மகளின் ஒறுத்தல் பெட்டி

அன்பான பிள்ளைகளே,

என் மகள் மெரினின் வலது கை தானாக மடங்கிப்போன அந்தக் காலையில் எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. "ஐயோ" என்ற ஒரு சொல்தான் வந்தது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய கொள்கலன்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுவது என் வேலை. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் உங்கள் மறைக்கல்வி டீச்சர் விடவில்லை. "நீங்களே எழுதுங்க. பிள்ளையளுக்குத்தான் இது முதல்ல தெரியவேணும்" என்றார். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெரினை உங்களில் பலருக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைக் கோவிலில் பாடகர் குழுவுக்குப் பக்கத்து வாங்கு இருக்கையில், அம்மாவோடு இருப்பாள். இரட்டைப் பின்னல். பாட்டு வராவிட்டாலும் சத்தமாகப் பாடுவாள். அவளேதான்.

அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. நவம்பர் மழை. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா, வாயைச் சுத்தி எறும்பு ஊருது" என்றாள். பார்த்தேன். எறும்பு இல்லை. "விரலுக்குள்ளயும் ஊருது" என்றாள்.

என் மனைவி ஸ்டெல்லா குசினி அடுப்படியில் இருந்து, "கணக்குப் பரீட்சை எண்டா உனக்கு எறும்பும் வரும், பாம்பும் வரும். நட மகள்!" என்றாள்.

நானும் சிரித்தேன். சிரித்து முடியவில்லை, பிள்ளையின் கை மடங்கியது. பெருவிரல் உள்ளே போனது. மற்ற நாலு விரலும் நீட்டியபடி ஒன்றாய்க் குவிந்தன. சோற்றைக் குழைத்து வாயில் வைக்கும்போது கை குவியுமே, அதைப் போல. இழுத்து நிமிர்த்தினேன். நிமிரவில்லை. கம்பி இறுக்கிப் பழகிய கை எனக்கு. என் பிள்ளையின் ஒரு விரலை என்னால் நிமிர்த்த முடியவில்லை. பிறகு அவள் கண் மேலே போனது. உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து தன் வீட்டுச் சாவிகள் கோர்த்த திறப்புக்கோர்வையை மெரினின் கையில் திணித்தார். வலிப்புக்கு இரும்பு பிடித்தால் நிற்கும் என்பார்கள். நிற்கவில்லை. ஒரு த்ரீவீல் ஓட்டோவைப் பிடித்து, மழையோடு மழையாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். அவள் கையில் அந்தத் திறப்புக்கோர்வை அப்படியே இருந்தது. அது விழுந்துவிட்டால் பிள்ளையும் போய்விடும் என்று ஒரு நினைப்பு எனக்கு. அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் எல்லோரும் வலிப்பு நோய் என்றுதான் நினைத்தார்கள். பிள்ளைகள் வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போலப் பேசுவார். அவர் பிரஷர் பார்க்கும் பட்டியை மெரினின் மேற்கையில் சுற்றி, காற்றடித்து, அவிழ்க்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அந்தக் கை மறுபடி குவிந்தது. ஸ்டெல்லா சத்தமிட்டு அழுதாள். டொக்டர் பட்டியை அவிழ்த்துவிட்டு, "இரத்தத்தில கல்சியம் இல்ல. அதுதான் கை இப்படிச் சொல்லுது" என்றார்.

இரத்தம் எடுத்தார்கள். அவர் சொன்னது சரி.

பிறகு என்னைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். பிள்ளைகளே, உங்களுக்கும் விளங்கும். நம் கழுத்தில் தைரொயிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்குப் பின்னால், நெல்லுமணி அளவில் இன்னும் நாலு சின்னச் சுரப்பிகள். அதற்குப் பெயர் பரதைரொயிட். இரத்தத்தில் கல்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவைதான். கல்சியம் குறைந்தால் நரம்பும் தசையும் கட்டுக்கு அடங்காது. மெரினுக்கு அந்தச் சுரப்பிகள் வேலையை விட்டுவிட்டன.

"ஏன் டொக்டர்? என்ன பிழை செய்தோம்?" என்று கேட்டேன்.

"பிழை ஒண்டும் இல்ல. உடம்புக்குள்ள ஒரு காவல்படை இருக்கு. வெளியில இருந்து வாற கிருமியை அடிக்கத்தான் அது. சிலபேருக்கு அந்தப் படை ஆள் மாறி அடிக்கும். சொந்த வீட்டையே அடிக்கும். இங்கேயும் அப்படி எண்டுதான் நினைக்கிறோம்."

எனக்கு உடனே துறைமுக வாசல்தான் நினைவுக்கு வந்தது. பத்து வருடமாக முகம் தெரிந்த எங்களையே சில நாள் காவலாளிகள் நிறுத்தி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கள்ளனைப் போலப் பார்ப்பார்கள். அதைச் சொன்னேன். டொக்டர் சிரித்துவிட்டார். "அதுதான். அதேதான்" என்றார். சிரிப்பு நின்றபிறகு மெரினின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். "சின்ன வயசில வாய்க்குள்ள வெள்ளை படர்ந்து, மாறி மாறி வந்திருக்கா?" என்று கேட்டார். ஓம், வந்தது. ஸ்டெல்லா சொன்னாள். டொக்டர் அதை எழுதிக்கொண்டார்.

"ஒரு சுரப்பியை அடிச்ச படை இன்னொண்டுக்கும் போகலாம். எல்லாருக்கும் போறதில்ல. தைரொயிட், சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி, குடல், இப்படி. எதுக்கும் எதுக்கும் என்ன தொடர்பு எண்டு எங்களுக்கும் இன்னும் முழுசாத் தெரியாது. அதால பாத்துக்கொண்டே இருக்கவேணும்" என்றார்.

பிள்ளைகளே, அந்த "பாத்துக்கொண்டே இருக்கவேணும்" என்ற சொல் என் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து பிள்ளை இருமினால் பயம். களைத்தால் பயம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி பழுதானால் உப்பு ஆசை வருமாம், அதனால் உப்புக் கேட்டாலும் பயம்.

மருந்து இரண்டு தந்தார்கள். ஒன்று சின்னக் கூட்டுக் குளிசை, தண்ணீரோடு விழுங்கவேண்டும். மற்றது பெரிய கல்சியம் வில்லை, ஒரேஞ்ச் வாசம், சப்பித் தின்னவேண்டும். மெரினுக்கு மருந்து என்றாலே வாந்தி வரும். அதனால் ஸ்டெல்லா முதல் நாளே, "இது மருந்தில்ல மகள், டொபி. தின்னு" என்று சொல்லிக் கொடுத்தாள். மெரின் தின்றாள். பிடித்துவிட்டது. "அம்மா, டொபி எங்க?" என்று அவளே கேட்பாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே டொபி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த மருந்தையும் கையில் எடுத்து, வீட்டுப் பீடத்தடியில் நின்று சிலுவை அடையாளம் போட்டு, "ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போடுவோம். என் அம்மா காலத்திலிருந்து அப்படி. கூட்டுக் குளிசையை மெரின் மேசையிலேயே தண்ணீரோடு விழுங்கிவிடுவாள், அது நாக்கில் கரையும் என்று அருவருப்பு. டொபியை மட்டும் கையில் கொண்டு பீடத்தடிக்குப் போவாள்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் தடவை வாட்டில் பக்கத்துக் கட்டிலில் சப்னா என்று ஒரு பிள்ளை. மெரினை விட ஒரு வயது கூட. அவளுடைய காவல்படை மூட்டுகளை அடித்தது. முழங்கால் இரண்டும் வீங்கி இருக்கும். அவளுடைய உம்மா, வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறவர். வாட்டிலும் ஊசி நூலோடுதான் இருப்பார்.

ஒருநாள் சப்னா சொன்னாள்: "ஒன்ட படை கழுத்துல, என்ட படை கால்ல. ரெண்டு படையையும் ஒண்டோட ஒண்டு சண்டை புடிக்க விட்டா, நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

"உன்ட படைதான் வெல்லும். நீ சண்டைக்காரி" என்றாள் மெரின்.

அந்தச் சிரிப்பு வாட்டு முழுக்கக் கேட்டது. நர்ஸ் வந்து இருவரையும் ஏசிவிட்டுப் போனார். போகும்போது அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

மருந்தோடு மெரின் சுகமானாள். டிசம்பர் வந்ததும் நத்தாருக்குப் பாடினாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

பிறகு தவக்காலம் வந்தது. அந்த வருடம் தவக்காலமும் இஸ்லாமியச் சகோதரர்களின் நோன்பும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. விபூதிப் புதனன்று உங்கள் எல்லோருக்கும் தந்தது போல மெரினுக்கும் மட்டைப் பெட்டி ஒன்று தந்தார்கள். ஒறுத்தல் பெட்டி. பிடித்த இனிப்பை ஒறுத்து, அதாவது தின்னாமல் விட்டு, அதற்குரியதைப் பெட்டிக்குள் போட்டு, உயிர்ப்பு ஞாயிறன்று ஏழைகளுக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும். ஒறுத்தலை ஊருக்குக் காட்டாமல், இரகசியமாகச் செய்யவேண்டும் என்று பாதர் அன்றைக்குப் பிரசங்கத்தில் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதே கிழமை கிளினிக் நாள். அங்கே சப்னாவைக் கண்டோம். சக்கர நாற்காலியில் இருந்தாள். நடக்க முடியவில்லை. உம்மா நோன்பு, உதடு காய்ந்திருந்தது. மெரின் அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தாள். பிள்ளை களைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நாலாவது வெள்ளிக்கிழமை. கோவிலில் சிலுவைப்பாதை. இரண்டு மூன்று நாளாக அவளுக்கு மறுபடி எறும்பு ஊர்கிறதென்று எங்களுக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற இடத்துக்கு வந்து எல்லோரும் முழந்தாளிட்டோம். மெரின் எழும்பவில்லை. வாங்குக்கும் முழந்தாள் பலகைக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். கை இரண்டும் குவிந்திருந்தன. தொண்டையில் கீச்சென்று ஒரு சத்தம். மூச்சு உள்ளே போக மாட்டேன் என்றது.

உங்களில் சிலர் அதைப் பார்த்தீர்கள். பயந்து அழுதீர்கள். அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டி, இதயத்தைத் திரையில் பார்த்தபடி, நரம்பு வழியாகக் கல்சியத்தை மெதுவாக ஏற்றினார்கள். மூச்சு வந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நர்ஸ் என் தோளைத் தொட்டு, "பய வெண்ட எபா, தாத்தே" என்றார். பயப்படாதே, அப்பா என்று. பயப்படாமல் எப்படி இருப்பது?

சனிக்கிழமை டொக்டர் கேட்டார். "மருந்து ஒழுங்காக் குடுத்தீங்களா?"

"ஓம் டொக்டர். ஒரு நேரமும் விடயில்ல. என்ட கையாலதான் குடுக்கிறனான்" என்றாள் ஸ்டெல்லா. அவள் சொன்னது முழு உண்மை.

"எண்டா கல்சியம் ஏன் இறங்குது?"

ஏற்றுவதைக் குறைத்துப் பார்த்தார்கள். வாயால் வில்லை கொடுத்தார்கள். பின்னேரம் விரல் மறுபடி இறுகியது. டொக்டரின் முகம் மாறியதை நான் கண்டேன். வெளியே கூப்பிட்டுப் போனார். மிச்சத்தைச் சிங்களத்திலேயே சொன்னார். துறைமுகத்தில் வேலை செய்கிறவனுக்கு அது விளங்காதா?

வாயால் கொடுக்கிற கல்சியம் உடம்பில் சேரவில்லை. அப்படியென்றால் படை குடலுக்குப் போயிருக்கலாம். பிரஷரும் குறைவு. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியையும் தொட்டிருக்கலாம். அதற்கு இரத்தம் அனுப்பியிருக்கிறது. திங்கட்கிழமை பிள்ளையை மயக்கி, குழாய் விட்டுக் குடலைப் பார்க்கவேண்டும். அது குடல்தான் என்று தெரிந்தால் படையை அடக்குகிற மருந்தைப் பற்றி யோசிக்கவேண்டும். படையை அடக்கினால் கிருமி உள்ளே வரும். கல்சியம் இப்படி இருக்கும்போது மயக்குவதும் லேசான காரியமில்லை. ஆனாலும் சும்மா இருக்க முடியாது.

"உங்கட சம்மதம் வேணும்" என்றார். கையெழுத்துப் போட்டேன். என் பெயரை எழுத எனக்கு அவ்வளவு நேரம் எடுத்ததே இல்லை.

அன்று நான் ஆண்டவரோடு பேரம் பேசினேன். என் கையை எடும், காலை எடும், என்னைக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் விழுத்தும், பிள்ளையை விடும் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம் வந்தது. ஒரு கோவிலுக்குள், சிலுவைப்பாதையில் வைத்தா என் பிள்ளையை விழுத்துவீர் என்று கேட்டேன்.

ஞாயிறு மத்தியானம் ஸ்டெல்லா என்னை வீட்டுக்கு அனுப்பினாள். குளித்து, உடுப்பு மாற்றி, அவளுக்கும் ஒரு சட்டை கொண்டு வரச்சொன்னாள். புறப்படும்போது மெரின் கூப்பிட்டாள். குரலே இல்லை.

"அப்பா, என்ட பெட்டியத் தொடாதீங்க, என்ன? உயிர்ப்புக்கு நானேதான் கொண்டு போய்க் குடுப்பன்."

"ஓம் மகள். நீயேதான் குடுப்பாய்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீடு அமைதியாக இருந்தது. குளித்தேன். பீடத்தடியில் போய் நின்றேன். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினேன். "உமது சித்தம்" என்ற இடத்தில் நின்றுபோனேன். அதற்கு அப்பால் வாய் வரவில்லை. முழந்தாளிட்டேன். பேரமும் முடிந்தது, கோபமும் முடிந்தது. சொல்லுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அப்போது நான் கேட்டது இதுதான்:

"ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியாது. டொக்டருக்கும் தெரியவில்லை. எதைப் பார்க்கவேண்டுமோ அதை எங்களுக்குக் காட்டும்."

இவ்வளவுதான். பெரிய ஜெபம் இல்லை.

எழும்பினேன். பீடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் மெரினின் பெட்டி. பாவம், பிள்ளை இந்தக் கிழமை ஒன்றும் போடவில்லையே, அவளுக்காக நான் ஒரு காசு போடுவோம் என்று நினைத்தேன். தொடாதே என்றாள்தான். போடுவது தொடுவதாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பெட்டியின் வாய்க்குள் விட்டேன்.

காசு விழவில்லை. பாதியில் நின்றது. விரலால் தள்ளினேன். உள்ளே ஏதோ நிறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. தூக்கி ஆட்டினேன். காசுச் சத்தம் இல்லை. மட்டையோடு மட்டை தட்டுகிற மாதிரி மொத்தமாக ஒரு சத்தம். மூக்குக்கிட்டக் கொண்டு போனேன்.

ஒரேஞ்ச் வாசம்.

பெட்டியின் அடியைக் கிழித்தேன். டொபிகள். கொட்டின. பீடத்துணி மேல், தரையில், என் கால் விரலுக்கிடையில். ஒவ்வொன்றும் முழுசு. ஒன்றைக்கூட அவள் கடித்திருக்கவில்லை.

அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. வாரி எடுத்து ஒரு ஷொப்பிங் பையில் போட்டேன். ஸ்டெல்லாவின் சட்டையை மறந்தேன். என் சட்டைப் பொத்தானையே த்ரீவீலுக்குள் இருந்துதான் பூட்டினேன்.

வாட்டில் பையை மெரினின் கட்டிலில் வைத்தேன். அவள் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"தொடாதீங்க எண்டு சொன்னனான்தானே அப்பா..."

"மகள், இது மருந்தெல்லோ?"

"இல்ல. டொபி. அம்மாதான் சொன்னவ."

ஸ்டெல்லா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பிடிச்ச இனிப்பு இதுதான்" என்றாள் மெரின். "வேற எதை நான் ஒறுக்கிற? கசக்கிற குளிசையை ஒரு நாளும் விடயில்ல. டொபியத்தான் விட்டனான். சப்னா நடக்கவேணும் எண்டு நேர்ந்தனான். இரகசியமாச் செய்யவேணும் எண்டு பாதர் சொன்னவர்." பிறகு தலையணைக்குக் கீழே கையை விட்டு, முடிச்சுப் போட்ட ஒரு லேஞ்சித் துணியை எடுத்தாள். வாட்டில் கொடுத்த வில்லைகளும் அதற்குள் இருந்தன. ஸ்டெல்லா தண்ணீர் எடுக்கத் திரும்பும் நேரத்தில் கன்னத்தில் இருந்து எடுத்திருக்கிறாள்.

டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் பையைத் திறந்து பார்த்தார். லேஞ்சியைப் பார்த்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் தடவிக்கொண்டு, "நாளைக்கு மயக்க இருந்தோமே" என்று தனக்குத் தானே சொன்னார். பிறகு எழும்பி, "குழாய் இப்ப வேண்டாம். முதல்ல பிள்ளை இதைத் தின்னட்டும். மிச்சத்தை இரத்தம் சொல்லும்" என்றார்.

ஆனால் மெரின் தின்ன மாட்டேன் என்றாள்.

நான் கெஞ்சினேன். ஸ்டெல்லா ஏசினாள். டொக்டர் அன்பாகச் சொன்னார். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் ஓடியது. "நேர்ந்தது நேர்ந்ததுதான். நான் தின்டா சப்னா நடக்க மாட்டா" என்றாள். வற்புறுத்தித் திணித்தால் புரைக்கேறும் என்று டொக்டர் தடுத்தார். ஏற்றிக்கொண்டே இருக்கலாம், ஆனால் எவ்வளவு நாளைக்கு நரம்பு தாங்கும்? மருந்து கட்டிலில் கிடக்கிறது. பிள்ளை ஆண்டவருக்காகத்தான் அதை வேண்டாம் என்கிறாள். நான் எந்த வாயால் அவளை மறிப்பேன்?

சப்னாவும் அந்தக் கிழமை அதே வாட்டில்தான் இருந்தாள், ஜன்னல் பக்கக் கட்டிலில். உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சப்னாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

வந்தவுடனேயே சப்னா கத்தினாள். "பைத்தியமா ஒனக்கு? நீ மௌத்தாப் போனா நான் ஆரோட வெளையாடுற?"

"நீ நடக்கிறதுக்குத்தான்டி..."

"நான் கேட்டனா ஒன்கிட்ட?"

"சப்னா, சும்மா இருங்க" என்றார் உம்மா. மெரினின் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். அந்தக் கை இன்னும் பாதி குவிந்திருந்தது. அதைத் தடவித் தடவி விரித்தார்.

"மகள், நான் நோம்பு. ஒங்களுக்குத் தெரியும்தானே? சப்னா நோம்பா?"

மெரின் தலையாட்டினாள். இல்லை என்று.

"ஏன் இல்ல? சுகமில்லாதவங்களுக்கு நோம்புல விலக்கு ஈக்குது. அத நாங்க உண்டாக்கல்ல. படைச்சவன் தந்தது. சப்னாவுக்கு மருந்து குடிக்கிறதுதான் நோம்பு. கசந்தாலும் குடிக்கிறா. ஒங்கட ஆண்டவர் மட்டும் ஒங்களுக்கு விலக்குத் தராம ஈப்பாரா? நீங்க சப்னாவுக்காகக் கேட்டது அவருக்குக் கேட்டிருக்கும். அதுக்கு ஒங்கட உசிரை அவர் வெலையாக் கேட்க மாட்டார்."

மெரின் யோசித்தாள். "எண்டா நான் நேர்ந்தது?"

உம்மா ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் மஞ்சளாகி இருந்தது.

"நீங்களும் நோம்பு, நானும் நோம்பு. ரெண்டு பேரும் ஒண்டா நோம்பு தொறப்போம். சரியா?"

கைப்பையில் இருந்து பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தார். ஒரு டொபியை எடுத்து மெரினின் உள்ளங்கையில் வைத்தார். நாங்கள் காத்திருந்தோம். டொக்டரும் போகவில்லை, திரைச்சீலையடியில் நின்றார். உம்மாவின் போனில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு, மற்றப் பிள்ளைகளைக் குழப்பாமல் சின்னச் சத்தமாகக் கேட்டது. உம்மா வாய்க்குள் எதையோ சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடித்தார். மெரின் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் தன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள்.

கடுக்.

அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அன்றிரவும் மறுநாளும் எங்களுக்கு உயிர் இல்லை. ஏற்றுவதைக் குறைத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். மறுபடி குறைத்தார்கள். கை குவியுமா என்று நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு இருந்தேன். குவியவில்லை. செவ்வாய்க்கிழமை டொக்டர் வந்து, "சேருது. நல்லாவே சேருது. குடலில குறை ஒண்டும் இருக்க முடியாது" என்றார். அடுத்த நாள் மற்றச் சுரப்பியின் பதிலும் வந்தது. அதையும் படை தொடவில்லை. பிரஷர் குறைந்தது அவள் சாப்பிடாமல் கிடந்ததால்தான். தைரொயிட்டில் மட்டும் சின்ன அடையாளம் ஒன்று இருக்கிறது, அதற்கு இப்போது மருந்து தேவையில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். இந்த முறை அந்தச் சொல் எனக்குப் பயம் தரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறவர் நான் மட்டும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

குருத்தோலை ஞாயிறன்று மெரின் ஓலை பிடித்தாள். பாதரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர், "நான் சொல்ல மறந்ததை அந்த உம்மா சொல்லியிருக்கிறா" என்றார். இந்த வருடம் விபூதிப் புதனன்று, பெட்டியைக் கையில் தருவதற்கு முதல், மருந்தும் சாப்பாடும் ஒறுத்தல் இல்லை என்று உங்களுக்குச் சொன்னார் அல்லவா? அந்தச் சொல் மெரினின் பெட்டிக்குள் இருந்து வந்தது.

மெரினின் நோய் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மாறவில்லை. அந்த நாலு நெல்லுமணிகளும் இன்னும் தூங்குகின்றன. டொபியும் குளிசையும் அவளுக்கு வாழ்நாள் முழுக்க வேண்டியிருக்கலாம். சப்னாவுக்குப் புது மருந்து கொடுக்கிறார்கள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிறாள். பெருநாளைக்கு உம்மா எங்களுக்கு வட்டலப்பம் கொண்டு வந்தபோது, வாசல்படிவரை இரண்டு பேர் பிடிக்க நடந்து வந்து, "பாத்தியா, நீ டொபி தின்டும் நான் நடக்கிறன்" என்று மெரினைப் பழித்தாள். எங்கள் வீட்டு ஜெபத்தில் இப்போது சப்னாவின் பெயரும் உண்டு. உம்மாவின் துஆவில் மெரினின் பெயரும் உண்டு என்று அறிகிறேன்.

நான் கேட்டது சுகம் இல்லை, பிள்ளைகளே. காட்டும் என்று கேட்டேன். காட்டினார். ஒரு காசை விழாமல் நிறுத்திக் காட்டினார். மாதாவின் காலடியில் வைத்தே காட்டினார். டொக்டர் இதைத் தற்செயல் என்று சொல்லலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை, சொன்னாலும் நான் சண்டைக்குப் போக மாட்டேன். அந்த நேரம், அந்த ஜெபத்தின் பிறகு, என் கையில் இருந்த காசு ஏன் பாதியில் நின்றது என்று எனக்குத் தெரியும்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டவருக்கு எதை வேண்டுமானாலும் நேருங்கள், அவர் உங்கள் அன்பை வாங்கிக்கொள்ளுவார். ஆனால் நேர்ந்ததை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு தடவை காதுக்குள் சொல்லிவிடுங்கள். அது ஊருக்குக் காட்டுவது ஆகாது. உடம்பில் ஏதாவது ஊர்ந்தால், நடுங்கினால், மறைக்காதீர்கள். பயமாக இருந்தால், பெரிய ஜெபம் தெரியாவிட்டால், நான் கேட்டதைப் போலக் கேளுங்கள். காட்டும் என்று கேளுங்கள். அவர் யார் வழியாகக் காட்டுவார் என்று சொல்ல முடியாது. டொக்டர் வழியாக இருக்கலாம். மட்டைப் பெட்டி வழியாக இருக்கலாம். வேறு வேதக்கார உம்மா ஒருவரின் உள்ளங்கை வழியாகவும் இருக்கலாம்.

இப்போதும் காலையில் மெரின் டொபியைக் கையில் எடுத்துக்கொண்டு பீடத்தடிக்குப் போவாள். வேலைக்குப் போகச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நான் வாசலில் இருப்பேன். "ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்" என்று அவள் சொல்லுவாள். நான் வாயைத் திறக்காமல் காத்திருப்பேன்.

கடுக் என்று கேட்கும்.

அதற்குப் பிறகுதான் ஆமென் சொல்லுவேன்.